ஐந்து கரண்டி

முதல் கரண்டி உள்ளே போய்விட்டது. பெரியத்தான் கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைப் பீங்கான் கரண்டியை உதட்டிலிருந்து மெதுவாக உருவி, "ஆகா, என்னமா இருக்கு!" என்றார். பிரமு என்கிற பிரமநாயகி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுத்திருக்கலாம். கரண்டி கிண்ணத்தில் இறங்கியபோது ஒரு தடவை, சிவப்பு எண்ணெய் சொட்ட மேலே ஏறியபோது ஒரு தடவை, வாய்க்கு முன்னால் நிறுத்தி அவர் ஊதியபோது ஒரு தடவை, ஆக மூன்று தடவை நேரம் இருந்தது. "வேண்டாம் அத்தான்" என்று இரண்டே சொல். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் ரசாயனம் நடத்தியவள், அமிலக் குப்பியை நோக்கிப் போகிற கையை அறையின் அந்தக் கோடியிலிருந்தே அதட்டி நிறுத்தியவள், அவளுக்கு இரண்டு சொல் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா? அவர் கேட்கத்தான் செய்தார். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிரமு, இது நாம சாப்பிடலாம்லா?" என்று கேட்டார். அவள் "ம்" என்றாள். "ம்" என்றால் ஆமாம் என்று அர்த்தமா? கேட்டது காதில் விழுந்தது என்றும் அர்த்தம். அவ்வளவுதான் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மடியில் கிடந்த உணவுப் பட்டியலில் அந்த இரண்டு சீன எழுத்தும் இன்னும் அப்படியே இருந்தன.

அந்த எழுத்துகளை அவள் படித்ததே அவருக்காகத்தான். பெரியத்தான் திரிகூடசுந்தரம், அவள் புருஷன் கோமதிநாயகத்தின் அண்ணன், எழுபது நிறைந்து சாந்தி கழித்தவர். சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன் அந்தச் சந்தோஷத்தில் அப்பா அம்மாவோடு சித்தப்பா சித்தியையும் சேர்த்து எட்டு நாள் சீனச் சுற்றுலாவுக்கு அனுப்பியிருந்தான். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார். "நீதாம்மா படிச்சவ. என் நாக்குல வேண்டாதது ஒண்ணும் பட்டுரக் கூடாது. உன்னை நம்பித்தான் வாரேன்." அவளும் ஒரு நோட்டு போட்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி எழுதி எழுதிப் பார்த்தாள். இறைச்சி என்கிற எழுத்து ஒரு கூண்டுக்குள் இரண்டு ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் நிற்கிற மாதிரி இருக்கும். மாடு என்பது நட்டு வைத்த கம்பு, குறுக்கே இரண்டு கோடு, இடது பக்கத்தில் சின்னதாக ஒரு கொம்பு. முட்டைக்கான எழுத்தைப் பத்துத் தடவை எழுதிவிட்டு, நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள். பெய்ஜிங்கில் நான்கு நாளும் சுற்றுலாக்காரர்களே சாதம், பருப்பு போட்டார்கள். அரண்மனையும் பெருஞ்சுவரும் பார்த்துவிட்டு நேற்று இந்த செங்டு ஊருக்கு வந்தார்கள். இன்றைக்குக் காலையில் பாண்டா கரடி. மூங்கிலைப் பல்லால் உரித்து உரித்துத் தின்கிற அந்தத் தடியனைப் பார்த்துப் பெரியத்தான் கம்பிக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். "பாத்தியா கோமதி, சாதி கரடி, ஆனா சைவம்!" மதியச் சாப்பாடு மட்டும் இன்று அவரவர் பாடு. வழிகாட்டிப் பெண் லின் தன் மஞ்சள் கொடியைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு மணிக்கு பஸ், சாயங்காலம் பழைய அணைக்கட்டு என்று சொல்லிவிட்டு இவர்களை இந்த வட்ட மேஜையில் உட்கார்த்திவிட்டுப் போனாள். பட்டியலில் படத்தைப் பார்த்து, "சோயாப் பயறுல செஞ்சதுதான, இந்த டோஃபுவைச் சொல்லு" என்று கை வைத்தது அவர்தான். பேர் என்ன என்று, மொழிபெயர்க்கிற போனைக் காட்டினால், அம்மைத் தழும்புக் கிழவியின் டோஃபு என்று தமிழில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கிண்ணம் வந்து இறங்கிய பிறகுதான், வெள்ளைத் துண்டுகளின் மேல் பழுப்பு நிறத்தில் பொடிப் பொடியாகக் கிடந்ததைக் கண்டு, பட்டியலை மறுபடி எடுத்தாள். படத்துக்கு அடியில், எறும்பு எழுத்தில், கொம்பு வைத்த கம்பு. பக்கத்தில் கூண்டுக்குள் இரண்டு ஆட்கள்.

இரண்டாவது கரண்டி. "நாக்கு மரத்துப் போகுது பிரமு, பல் புடுங்க ஊசி போட்ட மாதிரி. ஆனா விட மனசு வரல்ல," என்று பெரியத்தான் சிரித்தார். நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு வேர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது. இதே நெற்றிதான். இருபத்தெட்டு வருஷம் முன்னால் அதில் சுருக்கம் கிடையாது. பாளையங்கோட்டை வீட்டின் பின்கட்டில், அரளிச் செடிக்கு அடியில் குனிந்து, இரண்டு விரலால் ஒரு முட்டை ஓட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த நெற்றி. அவள் ஏழு மாதம். ரத்தம் போதாது, தினம் ஒரு முட்டையாவது உள்ளே போகணும், இல்லாவிட்டால் பிள்ளையும் தாங்காது நீயும் தாங்கமாட்டாய் என்று டாக்டரம்மா சீட்டிலேயே எழுதியிருந்தாள். அவள் புருஷன் செய்தித்தாளில் சுருட்டி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். விறகுப் புரையில் சின்ன ஸ்டவ்வை வைத்து, பழைய டம்ளரில் வேகவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். ருசிக்கா தின்றாள்? முதல் நாள் பாதி வாந்தி எடுத்தாள். ஒன்பது நாள். பத்தாம் நாள், அவள் புதைத்து வைத்த ஓட்டைக் காக்கை கிளறிவிட்டது. அவர் கத்தவில்லை. அவர் கத்தவே இல்லை. "அடுக்களையைக் கழுவி விடச் சொல்லு. இவளை இப்பமே கொண்டுபோய் அவ அம்மை வீட்டுல விட்டுட்டு வா கோமதி. பேறு அங்கனயே ஆகட்டும்," என்றார். டாக்டர் சீட்டை அவள் நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. அந்த டம்ளரை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டார்கள். விளாத்திகுளத்துக்கு அந்த நாளில் மூன்றரை மணி நேரம், ரோடா அது, குழியும் சரளும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பாதி வழிக்கு மேல்தான். கோமதிநாயகம் பக்கத்தில் நின்றுகொண்டு கம்பியைப் பிடித்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனிடமும் பேசவில்லை, அவளிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் வலி கண்டது.

"எனக்கும் ஒரு கரண்டி போடுங்க, இவ்வளவு புகழுதீகளே," என்று ஆவுடை அக்கா கரண்டியை நீட்டினாள். பெரியத்தானின் மனைவி. அன்றைக்கு வாசற்படியில் நின்று, யாரும் பார்க்காமல் ஒரு துண்டு வெல்லத்தை அவள் கையில் திணித்தவள். பிரமுவின் கை தன்னால் பாய்ந்து மேஜை நடுவிலிருந்த கண்ணாடிச் சுழல்தட்டைப் பிடித்து நிறுத்தியது. "வேண்டாம்க்கா. எரிப்பு உங்களுக்குத் தாங்காது. கத்தரிக்காய் எடுத்துக்கோங்க." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அப்படியானால் தெரிந்துதான் செய்கிறேன். இனி "ம்" என்பதற்கு வேறு அர்த்தம் கிடையாது. கோமதிநாயகம் கரண்டியைத் தூக்கினான். "உங்களுக்கு அல்சர்," என்றாள். அவன் கரண்டியைத் திரும்ப வைத்தான். வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு தன் தட்டிலிருந்த சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான், இந்த ஊரில் யாரும் கையால் சாப்பிடுவதில்லை என்பதையே மறந்துபோய். அவன் எப்போதும் இப்படித்தான். பார்ப்பான், பார்த்துவிட்டுத் தட்டைப் பார்ப்பான்.

மூன்றாவது. இது பழிதானா என்று அவள் தன்னையே கேட்டாள். இருபத்தெட்டு வருஷமாக என்னவெல்லாம் நினைத்திருக்கிறாள். அவர் படுக்கையில் விழ வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும், தான் கேட்காத மாதிரி அடுக்களையில் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஆறு வருஷம் முன்னால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது அவர் விழத்தான் செய்தார், தண்ணீர் கேட்கத்தான் செய்தார், இவள்தான் ஓடி ஓடிக் கொடுத்தாள். கை பழகிப் போய்விட்டது. "நீ இல்லாட்டா நான் போயிருப்பேன் பிரமு," என்றார். "இருக்கட்டும் அத்தான்," என்றாள். எதற்கும் அதே பதில், இருக்கட்டும் அத்தான், இருக்கட்டும் அத்தான். இப்போது அவருக்கே தெரியாமல் அவர் விரதம் உடைந்து வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை என்றால் அது யாருக்கு நடக்கிறது? ஊர் கூட்டி வைத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு ஆடுகிற ஆட்டம் மாதிரி. சரி, தெரிந்தால்? தெரிந்தால் எல்லாரும் அவரைச் சுற்றி நிற்பார்கள். முதுகைத் தடவுவார்கள். பாவி இவள்தான் என்று சிங்கப்பூருக்குப் போன் போகும். அன்றைக்கும் முட்டை தின்றவள் இவள், இன்றைக்கும் ஊட்டினவள் இவள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்தான் சுத்தம். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடித்தட்டு மெல்லச் சுழன்றது. கிண்ணம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. எதிரே பெரியத்தான் தட்டில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். "நீ ஒண்ணுமே எடுத்துக்கல்லயே. எல்லாரையும் கவனிச்சிட்டு நீ பட்டினி கிடப்ப. எடுத்துக்கோம்மா." அந்தக் குரலில் கள்ளம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நல்லவராக ஆக இவருக்கு யார் அனுமதி கொடுத்தது? எந்த வருஷம், எந்த மாதம் இவர் பாட்டுக்கு நல்லவராக மாறினார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த நாளைக் கடக்காமல், சுற்றிக்கொண்டு வேறு வழியாக? அவள் சுழல்தட்டைத் தள்ளினாள். கிண்ணம் திரும்ப அவரிடமே போனது.

நான்காவதை அவர் சாதத்தில் ஊற்றிக் குழைத்தார். இதனால் அவர் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? எழுபது வருஷம் படாத வயிறு. ஆகட்டுமே. ஆகட்டுமே என்று நினைத்த மறுகணமே அதைவிடப் பெரிய பயம் ஒன்று, எப்போதும் வருகிற பயம், காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை போன பதினாறாம் நாள் விளாத்திகுளத்துக்கு அவர் வந்திருந்தார். அவள் உள்அறையில் கிடந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பாவிடம் சொன்னார், "தின்னதுக்குப் பலன்னு நெனச்சுக்கிட வேண்டியதுதான்." ரசாயனம் படித்தவளுக்குத் தெரியாதா? புரதம் என்றால் என்ன, இரும்பு என்றால் என்ன என்று எத்தனை வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இருந்தும் இந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு முட்டையை அவள் தொடவில்லை. கடையில் அட்டைகளில் அடுக்கி வைத்திருந்தால் அந்தப் பக்கம் நடக்கமாட்டாள். ஏன்? அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? மூளைக்கு அடியில் எங்கேயோ அவளும் அதை நம்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறாளோ? அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லையே. பிள்ளையை அவளுக்குக் காட்டக்கூட இல்லை. மயக்கம் தெளிந்தபோது தொட்டிலும் இல்லை, துணியும் இல்லை. பார்த்தால் மனசு விட்டுரும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முகமே தெரியாத ஒருத்திக்காக எத்தனை நாள் அழ முடியும்? அழ முடியாததெல்லாம் இப்படிக் கெட்டியாகி, கல்லாகி, இவர் முகத்தின் மேலேயே குறியாக நிற்கிறது. தின்னட்டும். எதிரே சிவப்பு எண்ணெய் அவர் தாடையில் ஒரு சொட்டு வழிந்தது. தின்னட்டும், தின்னட்டும், தின்னட்டும்.

ஐந்தாவது கரண்டிக்குக் கிண்ணத்தைச் சரித்து வழித்து வாயில் போட்டுக்கொண்டார். "இதை வீட்டுல நீ செய்யணும் பிரமு. எப்படிச் செய்யுதான்னு கேட்டுப்போட்டுருவோம்." அவள் எழுவதற்குள் பரிமாறுகிற பெண்ணைக் கை தட்டிக் கூப்பிட்டு, மேஜைமேல் கிடந்த பிரமுவின் போனை எடுத்து அந்தப் பெண்ணின் வாய்க்கு முன்னால் நீட்டினார். காலையிலிருந்து எல்லாரிடமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார், அதில் அவருக்கு ஒரு சின்னப்பிள்ளைக் குஷி. அந்தப் பெண் சந்தோஷமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். போன் ஒரு நொடி யோசித்தது. பிறகு, சமையல் குறிப்பு வாசிக்கிற பெண்குரலில், சத்தமாக, தமிழில் சொன்னது: "முதலில் மாட்டிறைச்சியைப் பொடியாகக் கொத்தி எண்ணெயில் வதக்க வேண்டும்."

ஆவுடை அக்கா "ஐயோ சாமி!" என்று எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. பெரியத்தான் கரண்டியை வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனார். கோமதிநாயகம் பின்னாலேயே ஓடினான். தண்ணீர் விழுகிற சத்தமும் கொப்பளிக்கிற சத்தமும் காறுகிற சத்தமும் வெகுநேரம் கேட்டது. பரிமாறுகிற பெண் முகம் வெளிறி, எதற்கோ திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். பிரமு அசையவில்லை. இதைத்தானே இருபத்தெட்டு வருஷம் கேட்க ஆசைப்பட்டேன், இந்தச் சத்தத்தை. கேட்டாயிற்று. இன்னும் கேட்கவேண்டும் போல இருந்தது.

பெரியத்தான் திரும்பி வந்தார். முகம் கழுவி, மடியில் வைத்திருந்த சம்புடத்திலிருந்து புதிதாகத் திருநீறு பூசியிருந்தார். உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. "விடு ஆவுடை. வந்த இடம். தெரியாம நடந்ததுக்கு தோஷம் கெடையாது. ஊருக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டாப் போச்சு." பிறகு பிரமுவைப் பார்த்தார். "நீ கலங்காத. பொடி எழுத்துல எழுதிப்போட்டா நீ என்ன செய்வ, பாவம்? நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஒரு முழுக்கு. அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முழுக்கு, ஒரு சிட்டிகைத் திருநீறு, ஒரு கொப்பளிப்பு. தெரிந்து தின்ற மருந்துக்கு மூன்றரை மணி நேர பஸ். தெரியாமல் தின்ற ருசிக்கு ஒரு முழுக்கு. அதோடு அவளை மன்னிக்கவும் செய்கிறார். இப்போது "இருக்கட்டும் அத்தான்" என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், பஸ் ஏறி அணைக்கட்டு பார்க்கப் போகலாம்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்னது?"

"கிண்ணம் வந்ததுமே தெரியும். எழுத்தை வாசிச்சுட்டேன். அக்காவைத் தடுத்தேன், இவுகளைத் தடுத்தேன். உங்களைத் தடுக்கல்ல. அஞ்சு கரண்டி. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

பெரியத்தானின் கை மேஜையில் எதையோ தேடியது. "ஏம்மா? ஏன் இப்படிச் செஞ்ச? நான் உனக்கு என்ன..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். தேடட்டும், தானாகத் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று பார்த்தாள். அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று! மேஜை, கிண்ணம், ஆவுடையின் முகம், தம்பியின் குனிந்த தலை என்று அவர் கண் ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பியது. கடைசியில் வந்து சேர்ந்தது. வாய் தளர்ந்தது.

"அந்த... அந்தப் பிள்ளை," என்றார். குரல் தாழ்ந்தது. "ஆம்பளப் பிள்ளைதான?"

இவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவைகூட யாரிடமும் கேட்டிருக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"பொம்பளப் பிள்ளை அண்ணாச்சி," என்றான் கோமதிநாயகம். தலை குனிந்தேதான் இருந்தது. சாதம் ஒட்டிய விரல்களைப் பார்த்தே பேசினான். "பதினோரு மணி நேரம் மூச்சு இருந்துச்சு. நான்தான் கொண்டு போனேன். நீங்க வரல்ல. பதினாறாம் நாள்தான் வந்திய."

ஆவுடை அக்கா பிரமுவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிரமு கையை இழுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. வாசலில் லின் கொடியை விரித்து ஆட்டினாள். இரண்டு மணி.

பெரியத்தான் எழவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. உதடு இரண்டு தடவை அசைந்தது, சொல் வரவில்லை. சொல் வராவிட்டாலும் அவள் புரிந்துகொள்வாள், புரிந்துகொண்டு அந்த "இருக்கட்டும் அத்தான்" சொல்லுவாள் என்று காத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது, இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அவள் அதை விழுங்கினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவரைத் தாண்டி, கொடியைப் பார்த்து நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பெரியத்தான் எல்லாருக்கும் கடைசியாக, ஆவுடை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் நின்றுவிட்டுப் பின்னால் போய்விட்டார். நெஞ்சு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஒரு துளிகூட ஆறவில்லை. கோமதிநாயகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் கிளம்பி, ஊரின் உயரமான கட்டிடங்களைத் தாண்டி, மரங்கள் வரத் தொடங்கிய பிறகு, முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி அவன் சொன்னான்.

"முடி நெறைய இருந்துச்சு."

அவள் திரும்பினாள். அவன் நிறுத்திக்கொண்டான், வழக்கம்போல.

"நிறுத்தாதீங்க," என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டு முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். "இவ்வளவு நாள் நீங்க மட்டும் வச்சிருந்தீக. அணைக்கட்டு வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஒண்ணு விடாமச் சொல்லுங்க."